ஒட்டாமல் விட்ட தாள்

நீராவி அக்கா என்ற பெயரை வைத்தது யார் என்று கேட்டால் அந்த ஆஸ்பத்திரியில் ஒருவரும் வாயைத் திறக்க மாட்டார்கள். எல்லாரும் சேர்ந்து வைத்ததுதான். அடித்தளத்துக்குப் படியிறங்கி இடப்பக்கம் திரும்பினால் வருகிற அறைக்கு அவள் பொறுப்பாளி. மேலே ஆபரேஷன் தியேட்டரில் டாக்டர்கள் கை நீட்டி வாங்குகிற கத்தி, கத்தரி, இடுக்கி அத்தனையும் இந்த அறையில் கழுவி, எண்ணி, துணியில் மடித்து, பெரிய மெஷினுக்குள் தள்ளி, நீராவியில் வெந்த பிறகு போகிறவைதான். பதினெட்டு வருஷமாக அந்த ஆவியில் நின்று நின்று அவள் முகம் எந்நேரமும் இப்போதுதான் குளித்துவிட்டு வந்ததுபோல இருக்கும்.

அந்த மெஷினுக்குக் காலையில் ஒரு சோதனை உண்டு. ஆறு மணிக்கு, கருவி எதையும் ஏற்றாமல், வெறும் வயிற்றோடு அதை ஒரு தடவை ஓட்டிப் பார்க்க வேண்டும். உள்ளே ஒரு துணிக்கட்டு. கட்டின் நடுவில் ஒரு மஞ்சள் தாள். ஆவி எல்லா இடத்துக்கும் போயிருந்தால் தாள் முழுக்கக் கறுத்து வரும். எங்காவது காற்று சிக்கியிருந்தால் நடுவில் வெளுத்த திட்டு தெரியும். தெரிந்தால் அன்றைக்கு அந்த மெஷினைத் தொடக்கூடாது. கறுத்த தாளைப் பதிவேட்டில் ஒட்டிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் முதல் ட்ரே உள்ளே போகும். ட்ரேயைச் சுற்றி ஒட்டுகிற டேப்பிலும் கோடுகள் கறுக்கத்தான் செய்யும். ஆனால் அது சூடு பட்டதற்கு மட்டும்தான் அடையாளம். "டேப்பைப் பார்த்து ஏமாந்துடாதீங்க, அது மேல்பூச்சு" என்று புதிதாக வரும் நர்ஸுகளுக்கெல்லாம் அவள் பாடம் எடுப்பாள்.

கைப்பையில் அவளுக்கு இன்னொரு பதிவேடு இருந்தது. சபையின் பெண்கள் கூட்டத்தில் கொடுத்த நூறு நாள் அட்டை. நாளுக்கு மூன்று கட்டம்: வேத வாசிப்பு, கால் மணி நேர ஜெபம், நன்றி சொல்லுதல். செய்து முடித்தால் டிக். நூறு நாளும் விட்டுப்போகாமல் டிக் அடித்தவர்கள் மேடையேறிச் சாட்சி சொல்லலாம். சபையில் பலருக்கு அந்த மேடைதான் ஆசை. இவளுக்கு வேறொரு ஏக்கம் இருந்தது. ஆராதனையில் பக்கத்தில் இருப்பவர்கள் கண்ணீரோடு ஜெபித்துக்கொண்டிருக்க, இவள் மட்டும் கேஸை அணைத்தேனா என்று யோசித்துக்கொண்டு நிற்பாள். ஆண்டவர்மேல் அவளுக்கு அன்பு இருந்தது. ஆனால் அந்த அன்பு இருபது வருஷமாக நட்ட இடத்திலேயே நிற்கிறது, ஒரு இலைகூடப் புதிதாக விடவில்லை என்று அவளுக்கு உள்ளுக்குள் வருத்தம். தினமும் ஒழுங்காகச் செய்தால் வளருமோ என்று நம்பித்தான் அட்டையை வாங்கினாள்.

கூடவே நாத்தனாரும் ஒன்று வாங்கினாள். கணவரின் தங்கை, இரண்டு தெரு தள்ளிக் குடியிருப்பவள், பக்தியிலும் அண்ணியை முந்திவிட வேண்டும் என்று நினைப்பவள். "அண்ணி, இன்னிக்கு நான் அரை மணி நேரம் ஜெபிச்சேன்" என்று காலையிலேயே போனில் செய்தி வரும். அவள் கணக்கில் இரண்டு நாள் விட்டுப்போயிருந்தது. அண்ணிக்கு ஒன்றும் விடவில்லை. அந்த விஷயத்தில் மட்டும் அக்காவுக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது. கேட்டால் இல்லை என்று சாதிப்பாள்.

வாசிப்பு பஸ்ஸில் முடிந்துவிடும். நன்றி சொல்லுதல் படுக்கும்போது. ஜெபத்துக்குத்தான் கால் மணி நேரம் எங்கே தேடியும் கிடைக்கவில்லை. விடியற்காலையில் வீட்டில் சோறு வடிப்பாளா, கண்ணை மூடி உட்காருவாளா? மூன்றாவது நாளே வழி கண்டுபிடித்துவிட்டாள். காலைச் சோதனை ஓடி முடியப் பதினேழு நிமிஷம் ஆகும். மெஷின் கதவைப் பூட்டி, பொத்தானை அழுத்தி, அதன் எதிரிலேயே கண்ணை மூடி நின்றால் போதும். மணி அடிக்கும்போது ஆமென். ஆண்டவருக்குக் கொடுத்த நேரமும் ஆச்சு, மெஷினுக்குக் கொடுத்த நேரமும் ஆச்சு.

"மெஷினுக்கே ஞானஸ்நானம் குடுத்துடுவீங்க போலிருக்கே அக்கா" என்பார் மடிப்பு. மடிப்பு என்பது அவளோடு வேலை செய்கிறவர். நாற்பதைத் தொட்ட மனுஷர். ட்ரேக்களைத் துணியில் சுற்றும்போது அவர் மடிக்கும் மூலைகள் அளவெடுத்தாற்போல இருப்பதால் அந்தப் பெயர்.

"குடுத்தாலும் குடுப்பேன் தம்பி. உங்களைவிட அது சொன்ன பேச்சைக் கேக்குது" என்பாள் அக்கா.

எண்பத்து மூன்றாம் நாள் காலை எட்டே முக்காலுக்கு, இரண்டாவது லோடை எழுதலாம் என்று பதிவேட்டைத் திறந்தாள். அன்றைய பக்கத்தில் தேதி இருந்தது. நேரம் இருந்தது. அவள் கையெழுத்து இருந்தது, வாலைச் சுழித்து, அடியில் கோடு போட்டு. தாள் ஒட்ட வேண்டிய இடம் மட்டும் வெள்ளையாக இருந்தது.

முதலில் அவள் பதறவில்லை. தாள் ஈரமாக வரும். மெஷின் மேல் காயப் போட்டுவிட்டுப் பிறகு ஒட்டுவது அவள் வழக்கம். மேலே பார்த்தாள். இல்லை. மெஷினுக்குப் பின்னால், மேஜைக்கு அடியில், மடிப்பின் துணி அடுக்குகளுக்கு நடுவில் பார்த்தாள். குப்பைத் தொட்டியில் கையை விட்டால் புதுப் பை. ஏழரைக்கே துப்புரவுக்காரம்மா கூட்டி அள்ளிக்கொண்டு போய்விட்டிருந்தாள். ஓடிய நேரத்தை அச்சடித்துத் துப்புகிற சின்னப் பெட்டி ஒன்று மெஷினில் உண்டு. அது பழுதாகி ஒரு வருஷம் ஆகிறது. தாள் கட்டில் எத்தனை மிச்சம் என்று பார்க்கலாம் என்றால், அதை ஒருநாளும் யாரும் எண்ணியதில்லை.

"தம்பி, காலையில நான் தாள் எடுத்ததைப் பார்த்தீங்களா?"

"நான் ஆறு பத்துக்குத்தானே அக்கா வந்தேன். வரும்போது நீங்க கண்ணை மூடி நின்னுட்டிருந்தீங்க. தினமும் அப்படித்தானே நிப்பீங்க, நான் கவனிக்கல."

"மெஷின் ஓடிட்டிருந்துச்சா?"

மடிப்பு யோசித்தார். "ஓடியிருக்கும்" என்றார். "ஓடிச்சான்னு கேட்டா... நேத்து ஓடிச்சு. இன்னிக்கும் ஓடியிருக்கும்."

கையெழுத்தைப் பார்த்தாள். அது அவளையே பார்த்தது. எப்போது போட்டாள்? சில நாள் காலையில் வந்ததும் தேதியோடு சேர்த்துக் கையெழுத்தையும் போட்டுவைப்பாள். எப்படியும் கறுக்கத்தானே போகிறது என்ற தைரியம். இன்றைக்கு முன்னால் போட்டாளா, பின்னால் போட்டாளா? கதவைப் பூட்டியது ஞாபகம் வந்தது. அது நேற்றா இன்றா என்பதுதான் ஞாபகம் வரவில்லை.

சரி, ஜெபத்திலிருந்து பிடிக்கலாம் என்று நினைத்தாள். அப்படியொரு யோசனை அவளைத் தவிர வேறு யாருக்கும் வந்திருக்காது. இன்றைக்கு எதற்காக ஜெபித்தோம் என்று தெரிந்தால், அப்போது மெஷின் ஓடியதா, மணி அடித்ததா என்று பின்னாலேயே வந்துவிடும். கண்ணை மூடிக்கொண்டு தேடினாள். "அன்பும் இரக்கமும் நிறைந்த எங்கள் பரம தகப்பனே" என்று தொடங்கியது தெரிந்தது. தினமும் அப்படித்தான் தொடங்கும். அப்புறம் வீட்டுக்காரருடைய முதுகு வலி, நாத்தனார் மகளின் பரீட்சை, சபைக் கட்டட வேலை. அதெல்லாம் நேற்றும் இருந்தது, போன வாரமும் இருந்தது. இன்றைக்கென்று ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொன்னோமா என்று உள்ளே துழாவினாள். ஒன்றும் கைக்கு அகப்படவில்லை. அட்டையில் மட்டும் டிக் விழுந்திருந்தது.

 தாள் போட்டோமா என்று தெரியவில்லை. அது ஒரு பயம். ஜெபித்தோமா என்றே தெரியவில்லை. இது வேறு மாதிரிப் பயம். எதற்கு முதலில் பயப்படுவது என்று தெரியாமல் அங்கேயே நின்றாள்.

"முதல் லோடுல போன ட்ரே எங்கெல்லாம் போச்சு?"

"மூணு இங்கயே இருக்கு. ஒண்ணு எட்டு மணிக்கே தியேட்டருக்குப் போயிடுச்சு. ஒன்பது மணி கேஸ். குடலிறக்கம். வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கிறவராம்."

சுவரில் மணி எட்டு ஐம்பது.

மேலே போனைப் போட்டு, அந்த ட்ரேயைத் திறக்காதீர்கள் என்று சொல்லிவிட்டால் விஷயம் முடிந்தது. ஆனால் என்ன காரணம் சொல்வது? சோதனை போடவில்லை என்றா? போட்டிருந்தால்? பதினெட்டு வருஷத்தில் அவள் அறையிலிருந்து ஒரு ட்ரேகூடத் திரும்பி வந்ததில்லை. போடாமலே கையெழுத்துப் போட்டாள் என்று ஒரு தடவை பெயர் வந்துவிட்டால், அதன்பிறகு அவள் போட்ட கையெழுத்து எல்லாவற்றையும் சந்தேகத்தோடுதான் புரட்டுவார்கள். மெஷின் நேற்று நன்றாகத்தான் இருந்தது. இன்றைக்கு மட்டும் அதற்கு என்ன கேடு வந்திருக்கும்?

நாத்தனாரைக் கூப்பிட்டாள். அந்த நேரத்துக்கு வேறு யாரைக் கூப்பிடுவது என்று தோன்றவில்லை. மூச்சு விடாமல் விஷயத்தைச் சொன்னாள்.

"அய்யோ அண்ணி, இதுக்கா இப்படிப் பதறுறீங்க? போன ஞாயித்துக்கிழமை நம்ம பெண்கள் கூட்டத் தலைவி என்ன சொன்னாங்க? கவலையை அவர் பாதத்துல வச்சிட்டுத் திரும்பிப் பாக்காம வரணும்னாங்களா இல்லையா? விட்டுடுங்க. கர்த்தர் பாத்துக்குவார். நான் இப்பவே முழங்கால் போடறேன்."

"விட்டுடறதுன்னா, போன் பண்ணாம விட்டுடறதா?"

"நம்பிக்கைன்னா அதானே அண்ணி. போன் பண்ணா, அவரை நம்பலன்னு ஆயிடாதா?"

அவள் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. கேட்டபடி ஏற்றுக்கொள்ளவும் முடியவில்லை. நம்புவது என்றால் பேசாமல் இருப்பதா? அப்படியானால் தினம் காலையில் மெஷினைச் சோதித்துப் பார்ப்பதே அவநம்பிக்கைதானே? பதினெட்டு வருஷமாக அவநம்பிக்கைக்குத்தானா சம்பளம் வாங்கினோம்? இந்தக் கேள்வியை நாத்தனாரிடம் கேட்டால் அது பெரிய சண்டையில் போய் முடியும். "சரிம்மா, ஜெபி" என்று போனை வைத்தாள்.

இழுப்பறையில் சின்ன வேதம் ஒன்று வைத்திருந்தாள். ஒரு வழி காட்டுங்கள் ஆண்டவரே என்று கண்ணை மூடித் திறந்து, விரல் விழுந்த இடத்தைப் பார்த்தாள். யாருக்கு யார் மகன், அவனுக்கு யார் மகன் என்று ஒரு நீண்ட பட்டியல். மறுபடி திறந்தாள். திரைச்சீலை எத்தனை முழம் இருக்க வேண்டும் என்று வந்தது. வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பாள். இன்றைக்கு அழுகை வந்தது, ஆத்திரமும் வந்தது. எண்பத்து மூன்று நாள் ஒழுங்காகத் தட்டியிருக்கிறேனே, ஒரு தடவை கதவைத் திறந்து இது என்று சொல்லிவிட்டுப் போனால் என்ன?

மூடிவிட்டு, கண்ணைத் திறந்தபடியே, மெஷினுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சொன்னாள். "ஆண்டவரே, எனக்கு ஒண்ணும் புரியல." அதற்கு மேல் எதுவும் வரவில்லை. பதிலும் வரவில்லை. சுவர்க்கடிகாரத்தின் முள் நகர்ந்தது மட்டும் தெரிந்தது. மேலே ஒரு மனுஷர் வயிற்றைக் காட்டிப் படுத்திருக்கிறார் என்பதும், அந்த ட்ரேயை நம்பலாமா என்று தனக்குத் தெரியாது என்பதும்தான் அந்த நிமிஷத்தில் அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்த இரண்டு விஷயங்கள்.

போனை எடுத்தாள்.

தியேட்டர் சிஸ்டர்தான் பேசினார். "திறக்கக் கூடாதா? இப்பதானே திறக்கப் போறோம்! ஏன், டேப்பு நல்லாக் கறுத்திருக்கே?"

"டேப்பைப் பாக்காதீங்க சிஸ்டர். காலைச் சோதனை போட்டேனான்னு எனக்குச் சந்தேகமா இருக்கு."

மறுமுனையில் சிஸ்டர் யாரிடமோ பேசுவது கேட்டது. பிறகு டாக்டர் குரல், முகமூடிக்குள்ளிருந்து. "என்னம்மா இது? பேஷன்டுக்கு மயக்க மருந்து குடுத்தாச்சு. சோதனை போட்டீங்களா, போடலையா? ஒண்ணு சொல்லுங்க."

இரண்டில் எதைச் சொன்னாலும் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்திருக்கும். போடவில்லை என்றால் தப்பு அவளுடையது. போட்டேன் என்றால் அந்த ட்ரேயையே திறந்துவிடுவார்கள். அவளுக்கு இரண்டும் பொய்யாகப் பட்டது.

"தெரியல டாக்டர்."

"தெரியலன்னா என்ன அர்த்தம்? உங்க கையெழுத்து இருக்குல்ல?"

"இருக்கு டாக்டர். எப்படிப் போட்டேன்னு தெரியல. அந்த ட்ரேயைத் தொடாதீங்க. நேத்து மத்தியானம் வெந்த ட்ரே ஒண்ணு ஸ்டோர்ல இருக்கு. அந்த நாளோட தாள் பதிவேட்டுல ஒட்டியிருக்கு, என் கண்ணால பார்த்தேன். பத்து நிமிஷத்துல நானே எடுத்துட்டு வர்றேன்."

டாக்டர் ஏதோ சொன்னார். அதை இங்கே எழுத வேண்டாம். பத்து நிமிஷம் என்று கடைசியில் ஒத்துக்கொண்டார்; சாயங்காலம் சூப்பரின்டென்டென்ட் அறைக்கு வரச் சொன்னார்.

"தம்பி, அந்த மூணு ட்ரேயையும் தனியா வைங்க. மெஷின்ல தாள் போட்டு ஓட்டுங்க. கண்ணைத் திறந்து பாருங்க" என்று சொல்லிவிட்டு ஸ்டோருக்குப் போனாள். நேற்றைய ட்ரேயின் தேதியைப் பதிவேட்டோடு மூன்று தடவை ஒத்துப் பார்த்தாள். துணியில் ஈரமில்லை, கிழிசலில்லை. இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு படியேறினாள். லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை. தியேட்டர் வாசலில் சிஸ்டர் வாங்கிக்கொண்டார், முகத்தைப் பார்க்கவில்லை. கதவு மூடியது.

கால் வலித்தது. அங்கேயே சுவரில் சாய்ந்து நின்றாள். கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. மடிப்பு.

"அக்கா, தாள் வந்துடுச்சு. மை மாதிரிக் கறுப்பு. ஒரு திட்டு இல்ல. மெஷினுக்கு ஒண்ணும் இல்லக்கா. சும்மா பயந்து ஊரைக் கூட்டிட்டீங்க."

அவளுக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது குழப்பம்தான். அப்படியானால் நாத்தனார் சொன்னதுதான் சரியா? விட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காதே. அவர் ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருந்தாரா, இவள்தான் நடுவில் புகுந்து கலைத்தாளா? இல்லை, அந்தப் போனைப் பண்ண வைத்தவரும் அவர்தானா? ஒரு முடிச்சை அவிழ்த்தால் இரண்டு முடிச்சு விழுந்தது. காலையில் தாள் போட்டாளா என்பது மட்டும் இனி யாருக்கும் தெரியப்போவதில்லை.

"நர்ஸம்மா."

எதிர் பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு பை. பையிலிருந்து ஆண்பிள்ளைச் சட்டை ஒன்றின் கை வெளியே தொங்கியது. சட்டையில் வெள்ளைப் பெயின்ட் தெறித்திருந்தது.

"ஒன்பது மணிக்கு ஆரம்பம்னாங்க. உள்ள ஒருத்தர் சத்தம் போட்டது கேட்டுச்சு. அவருக்கு ஏதாவது ஆயிடுச்சா?"

தான் நர்ஸ் இல்லை என்று சொல்லத்தான் அக்கா வாயெடுத்தாள். மெஷின் கோளாறு, ரெடியாகக் கொஞ்சம் நேரமாகும் என்று சொல்லலாம். எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள்.

"அவருக்கு ஒண்ணும் ஆகலம்மா. தாமதம் என்னாலதான். கருவியைச் சுத்தம் பண்றது நான். காலையில செய்ய வேண்டிய ஒரு சோதனையைச் செஞ்சேனான்னு எனக்கு ஞாபகம் இல்ல. அதான் நிறுத்தச் சொல்லி, வேற கொண்டுவந்து குடுத்தேன்."

அந்தப் பெண்ணின் முகம் இறுகிவிட்டது. "ஞாபகம் இல்லையா?" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "முதல்ல வச்ச கருவியையே எடுத்திருந்தா அவருக்கு ஏதாவது ஆகியிருக்குமா?"

"ஆகியிருக்காது போல. இப்பதான் தெரிஞ்சுது."

"அப்புறம் எதுக்கு நிறுத்தினீங்க?"

"அப்ப எனக்குத் தெரியாதேம்மா."

வராந்தாவில் யாரோ தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.  அந்தப் பெண் அக்காவின் கழுத்தில் இருந்த சிலுவையைப் பார்த்தாள்.

"நீங்க ஜெபம் பண்றவங்களா? எனக்கு அதெல்லாம் தெரியாது. அவருக்காக ஒரு ஜெபம் பண்ணுங்களேன்."

இதற்குத்தானே எண்பத்து மூன்று நாள் பழகினோம் என்று அக்கா நினைத்தாள். அவள் பக்கத்தில் உட்கார்ந்து கையைக் கூப்பினாள். "அன்பும் இரக்கமும் நிறைந்த..." என்று உதடு தானாக ஆரம்பித்தது. காலையில் கை எப்படிக் கையெழுத்துப் போட்டிருக்குமோ அப்படி. சட்டென்று நிறுத்தினாள். வேறு வார்த்தை தேடினாள். வெகு நேரம் எதுவும் வரவில்லை. வெட்கமாக இருந்தது.

"ஆண்டவரே, உள்ள ஒருத்தர் தூங்கிட்டிருக்கார். அவரைப் பாத்துக்கங்க. நான் காலையில உங்ககிட்ட பேசினேனான்னுகூட எனக்குத் தெரியல."

அதோடு நின்றுவிட்டது. அந்தப் பெண் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள்.

"அவ்வளவுதானா?"

"இன்னிக்கு அவ்வளவுதான்மா வருது."

அவள் தலையை ஆட்டினாள். ஏற்றுக்கொண்டாளா, ஏமாந்தாளா என்று சொல்ல முடியாத தலையாட்டல். கீழே இரண்டாவது லோடு ஏற்றாமல் கிடக்கிறதே என்று அக்கா எழுந்தாள். அந்தப் பெண் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"டாக்டர் வெளிய வர்ற வரைக்கும் இங்கயே இருங்களேன். காலையிலேருந்து எல்லாரும் ஒண்ணும் ஆகாது, ஒண்ணும் ஆகாதுன்னே சொல்லிட்டுப் போறாங்க. நீங்க ஒருத்தர்தான் தெரியாதுன்னு சொன்னீங்க."

மடிப்புக்குப் போன் போட்டு லோடைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, அக்கா மறுபடி உட்கார்ந்தாள்.